இரண்டு நிமிஷ நெஞ்சுவலி

எனக்கு உடம்பை அசைப்பது பிடிக்காது. இப்போதும் பிடிக்காது, ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அடியோடு பிடிக்காது. அந்த வயதில் மற்றப் பிள்ளைகளைவிட ஒன்றரை மடங்கு இருப்பேன். அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பாவுக்குப் பத்திர ஆபீசில் எழுத்து வேலை. அம்மாவுக்கு என்னைச் சாப்பிட வைப்பது வேலை. மத்தியானம் தூக்குவாளியில் தயிர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும் வரும். அதை முடித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கதைப்புத்தகம் படிக்க விட்டால் போதும், எனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளிக்கூடம் தறிக்காரர்கள் தெருவை ஒட்டி இருந்தது. எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு விசைத்தறிக் கொட்டகை. காலையிலிருந்து சாயங்காலம் வரை தடக்கு தடக்கு என்று ஒரே சத்தம். வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கோ அது தாலாட்டு. சாப்பாட்டு மணி முடிந்து வந்து உட்கார்ந்தால் அந்தச் சத்தத்தில் கண் தானாகச் சொக்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்போம்.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் புதிய டீச்சர் வந்தார். முதல் வேலை. ராயகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உருவம், கையில் எப்போதும் ஒரு குடை. மத்தியானம் முதல் பாடத்தில் பாதி வகுப்பு தலை தொங்கிக் கிடப்பதைப் பார்த்து அவருக்குத் திகைப்பாகப் போய்விட்டது. சத்தம்தான் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறது என்று நினைத்து ஜன்னல்களைச் சாத்தினார். புழுக்கத்தில் மீதிப் பாதியும் தூங்கியது.

பிறகு ஆசிரியர்களுக்கு நடந்த ஏதோ ஒரு முகாமுக்குப் போய்விட்டு, கழுத்தில் ஒரு விசிலோடு திரும்பி வந்தார்.

"பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவுல ரெண்டே ரெண்டு நிமிஷம். எந்திரிச்சு நின்னு கையக் கால ஆட்டணும். ரத்தம் நல்லா ஓடுனா பாடம் தன்னால மண்டையில ஏறும்," என்றார்.

ரத்தம் ஓடியதா என்று தெரியாது. பாடம் ஓடிப்போனது மட்டும் தெரியும். ஒன்று என்றால் கை மேலே, இரண்டு என்றால் பக்கவாட்டில், மூன்று என்றால் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட வேண்டும். பையன்கள் இரண்டு வருவதற்காகவே காத்திருந்து பக்கத்தில் நிற்பவன் மூக்கில் இடிப்பார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் முழங்கைவரை தூக்கிவிட்டு, தூக்கியாயிற்று என்று முகத்தை வைத்துக்கொள்வோம். சுவரில் இருந்த பல்லி எங்களைவிட அதிகமாக அசைந்தது.

டீச்சர் லேசில் விடுகிற ஆள் இல்லை. நன்றாகச் செய்பவர்களுக்குச் சிலேட்டில் நட்சத்திரம் போட்டுத் தருவதாக அறிவித்தார். நாலு நாள் வகுப்பு ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தது. ஐந்தாம் நாள் ஒரு பையன், நட்சத்திரத்தை நாமே போட்டுக்கொள்ளலாமே என்று கண்டுபிடித்தான். அன்று சாயங்காலம் எல்லோர் சிலேட்டிலும் எழுத இடமில்லாமல் நட்சத்திரம். டீச்சர் கோபத்தில் அந்த ஏற்பாட்டையே நிறுத்தினார். மறுநாள் விசில் ஊதினால் யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஏலே, எந்திரிங்கலே!"

"நட்சத்திரம் இல்லன்னா கைய எதுக்கு டீச்சர் தூக்கணும்?" என்று அந்தப் பையன் கேட்டான். நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது. டீச்சர் பதிலுக்கு இன்னும் பலமாக விசில் ஊதினார்.

என் கஷ்டம் மூன்றாம் எண்ணில் இருந்தது. எனக்கும் என் கட்டைவிரலுக்கும் நடுவில் தயிர்ச்சோறு இருந்தது. ஒரு நாள் வைராக்கியமாகக் குனிந்து, அப்படியே முன்னால் உருண்டு, முன்வரிசைப் பையன் மேல் போய் விழுந்தேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும்வரை அழவில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன்.

மறுநாள் விசில் வாய்க்குப் போகும் முன்னே எழுந்து நின்றேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன்.

"டீச்சர், எனக்கு நெஞ்சு படபடங்குது. ஓடக்கூடாது, குனியக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

இந்தச் சாடையை எங்கள் பெரியப்பாவிடமிருந்து கற்றிருந்தேன். அவர் கல்யாண வீடுகளில் பந்தல் வேலை தொடங்கும்போதெல்லாம் இப்படித்தான் நெஞ்சைப் பிடிப்பார். டீச்சர் திட்டுவார், அப்பாவைக் கூட்டி வரச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவருக்கோ முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் சிரித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"நீ இங்கன உக்காரு மக்கா. ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வகுப்பில் இருந்த ஒரே பெஞ்சு அது. நாங்கள் எல்லோரும் தரையில் நாலு வரிசையாக உட்காருவோம். அந்தப் பெஞ்சில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். அவளை என் பக்கத்துக்காரி என்றே சொல்கிறேன். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவாள். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு இடது கால் சூம்பிப் போயிருந்தது. முழங்காலைக் கையால் ஊன்றி ஊன்றி நடப்பாள். ஜன்னலுக்கு எதிர்க் கொட்டகையில்தான் அவள் அப்பா தறி ஓட்டினார். அவள் அம்மா வீட்டில் தார் சுற்றுவார். தறியில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பாய்ந்து பாய்ந்து ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர். அதன் வயிற்றுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய குச்சிதான் தார்.

உடற்பயிற்சி தொடங்கிய முதல் நாளே டீச்சர் அவளிடமும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார். நீ உட்காரு மக்கா, ஒன்றும் செய்ய வேண்டாம். நானாவது கேட்டு வாங்கினேன். அவள் கேட்கவே இல்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு என்னட்டி?"

"நெஞ்சு."

"எந்தப் பக்கம்?"

வலது பக்கத்தைக் காட்டினேன். அவள் உதட்டைச் சுழித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஒரு மாதம் நான் ராணியாக இருந்தேன். விசில் ஊதியதும் மற்றவர்கள் கையைத் தூக்க, நான் காலை ஆட்டிக்கொண்டு பெஞ்சில் இருப்பேன். கொய்யாப்பழம் கடிப்பவர்கள் எனக்கு ஒரு கடி மிச்சம் வைத்தார்கள். உருண்டு விழுந்தபோது அதிகமாகச் சிரித்த பையன் தானாக வந்து, "செத்துறமாட்டியே?" என்று கேட்டான். "சொல்ல முடியாது" என்றேன். பாவம், அன்று முழுவதும் அவன் முகம் சரியாக இல்லை.

ஆடி மாதம் வந்தது. எங்கள் ஊரில் ஆடி என்றால் கோவிலில் சுற்றுவதுதான். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் பிராகாரத்தை நூற்றியெட்டு, ஐந்நூற்றொன்று என்று வேண்டுதலுக்குத் தக்கபடி சுற்றுவார்கள். ஒரு காலில் நின்று தவம் செய்கிற அம்மன், சுற்றுகிறவர்களின் கால் வலியைத் தான் வாங்கிக்கொள்வாள் என்று சொல்வார்கள். அம்மா சுற்றப் போனார். நானும் போனேன். முதல் இரண்டு சுற்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முனகினேன். அதற்குள் பெரியப்பாவின் பிள்ளைகள் இரண்டுபேர் என்னை முந்திக்கொண்டு ஓடினார்கள். ஓடும்போது அதில் ஒருத்தி என் பின்னலை இழுத்துவிட்டுப் போனாள். விடுவேனா? துரத்தினேன். துரத்திக்கொண்டே போனதில் அது எத்தனையாவது சுற்று என்பதே மறந்துபோயிற்று. வேர்த்து ஊற்றியது, பாவாடை காலில் தட்டியது, கல் தளம் உள்ளங்காலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. யாரும் விசில் ஊதவில்லை, யாரும் ஒன்று இரண்டு சொல்லவில்லை. நான் பாட்டுக்கு ஓடினேன். அந்தச் சந்தோஷத்தை எனக்கு இப்போதும் மறக்க முடியவில்லை.

ஒரு தூணடியில், தன் அம்மா சுற்றுக்கு ஒன்றாகப் போடுகிற புளியங்கொட்டைகளைக் காவல் காத்தபடி என் பக்கத்துக்காரி உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்து முழுசாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை பெஞ்சில் உட்கார்ந்ததும் காதோரம் சொன்னாள். "அம்பத்தொண்ணு."

"என்னது?"

"நீ சுத்துனது. நான் எண்ணுனேன். அதுல நாப்பது ஓட்டம். நெஞ்சு படபடங்கலையாட்டி?"

டீச்சர் அப்போதுதான் விசிலை எடுத்தார்.

"சொல்லிறாதட்டி," என்று கெஞ்சினேன்.

"சொல்லல. உன் தூக்குவாளியில இருக்கிற மாங்கா ஊறுகாய எனக்குத் தா. அப்புறம், இவங்க ஆட்டுத நேரம் பூரா எனக்குக் கதை வாசி. சும்மா இருந்து இதுகளப் பாத்துக்கிட்டே இருக்க முடியல."

ஊறுகாய் போனது எனக்குப் பெரிய துக்கம். கதை வாசிப்பது அப்படி இல்லை. இரண்டு நிமிஷத்தில் ஒரு பக்கம் வாசிக்கலாம். மிச்சத்தை மறுநாள் வாசிப்பேன். "ம், அப்புறம்?" என்று முழங்கையால் இடித்துக்கொண்டே கேட்பாள். இடையில் நான் ஒரு வரி விட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள்.

அப்படி ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தபோது, இடிப்பதை நிறுத்திவிட்டு வகுப்பையே பார்த்தாள். நாலு வரிசையில் இரண்டு வரிசைப் பிள்ளைகள் சொன்ன நேரத்துக்குக் குனிந்து நிமிர்வார்கள். மற்ற இரண்டும் சோம்பேறி வரிசைகள். இவர்கள் குனியும்போதுதான் அவை நிமிரும். மேலே, கீழே, மேலே, கீழே. ஜன்னலுக்கு வெளியே தடக்கு தடக்கு.

"ஏட்டி, பாவு மாதிரி இருக்குல்லா?" என்றாள். பாவு என்றால் தறியில் நெடுக இழுத்துக் கட்டின நூல். அதில் பாதி இழை ஏறும், பாதி இறங்கும். நடுவில் நாடா பாயும். எனக்கு அது பிடிபடும் முன்பே அவள் கத்திவிட்டாள். "டீச்சர்! நடுவுல ஒருத்தர ஓட விடுங்க டீச்சர்! தறி ஓடும்!"

டீச்சர் விவசாயக் குடும்பம். தறியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வகுப்பில் பாதி தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. டீச்சர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே தறி பூட்டியாயிற்று. ஒன்றாம் வரிசையும் மூன்றாம் வரிசையும் கையைத் தூக்கிக்கொண்டு எழ வேண்டும், இரண்டும் நாலும் குந்த வேண்டும். நாடாவாக இருப்பவன் வரிசைகளுக்கு நடுவில் புகுந்து ஓடி எதிர்ச்சுவரைத் தொட வேண்டும். தொட்டதும் எழுந்தவர்கள் குந்த, குந்தியவர்கள் எழ, நாடா திரும்பி ஓடிவர வேண்டும். ஜன்னல் வழியாக வரும் சத்தம்தான் தாளம். யாராவது பிந்தி எழுந்தால் "இழை அறுந்துட்டு!" என்று எல்லோரும் கத்துவார்கள். தறி நிற்கும். பக்கத்தில் இருப்பவர் அவர் காதைத் திருகி முடிச்சுப் போட்டதும் மறுபடி ஓடும்.

அன்றைக்கு டீச்சர் விசில் ஊதி நிறுத்தப் பார்த்தார். யாருக்கும் கேட்கவில்லை. நட்சத்திரத்துக்குக்கூடக் கை தூக்காத பையன், வேர்வை ஒழுக, "இன்னொரு கெசம் துணி டீச்சர், இன்னொரு கெசம்" என்று கெஞ்சினான். மத்தியானத் தூக்கம் எங்கள் வகுப்பைவிட்டே ஓடிப்போனது. கையைத் தூக்கினால் ரத்தம் ஓடும் என்று யாருக்கும் நினைப்பில்லை. துணி வர வேண்டும், அவ்வளவுதான். நாடாவாக எல்லோரும் அடித்துக்கொண்டதால், ஆளுக்கு ஒரு நாள் என்று டீச்சர் கரும்பலகை ஓரத்தில் பெயர்களை எழுதி வைத்தார். இரண்டு பெயர்களை மட்டும் விட்டுவிட்டார்.

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். எனக்கு நாடாவாக வேண்டும். அந்த நாலு வரிசைக்கு நடுவே, கைகளுக்குக் கீழே, பிராகாரத்தில் ஓடியதுபோல ஓட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் நானோ நெஞ்சு வலிக்காரி. நானே பூட்டிய பூட்டு, சாவி என்னிடம் இல்லை.

"நான் கண்டுபிடிச்ச தறி. எனக்கே அதுல இடமில்ல பாத்தியா," என்றாள் பக்கத்துக்காரி. நான் ம் கொட்டினேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. நான் என் நெஞ்சை எப்படிக் குணமாக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் குணமாக்கினார் என்று சொன்னால் சீட்டு கேட்பார்கள். சீட்டே கேட்க முடியாத வைத்தியம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. கோவிலில் தருகிற புற்றுமண். பூச்சிக்கடி, தோல் வியாதி, வயிற்று நோவு எதுவாக இருந்தாலும் ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் குடித்து, நோவுள்ள இடத்தில் பூசிக்கொள்வார்கள். எல்லார் வீட்டுப் பூஜை மாடத்திலும் ஒரு உருண்டை இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை நெற்றி நிறைய அதைப் பூசிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

"டீச்சர், மூணு வாரமா புத்துமண்ணு சாப்பிட்டேன். நெஞ்சு இப்பம் படபடங்கவே இல்ல."

டீச்சர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வகுப்பில் பத்துப் பேராவது சேர்ந்து போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். டீச்சர் உடனே கரும்பலகையில் என் பெயரை எழுதினார். பட்டியலில் கடைசி; மூன்று வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை. அதுவரை நான் மூன்றாம் வரிசையில் ஓர் இழை. ஏறினேன், இறங்கினேன், அடிக்கடி அறுந்தேன், காது சிவக்க முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

திரும்பிப் பார்த்தது ஒரு வாரம் கழித்துத்தான். பக்கத்துக்காரி நெற்றியில் புற்றுமண். இடது முழங்காலில் இருந்து பாதம்வரை புற்றுமண். காய்ந்து வெடித்துப் போயிருந்தது.

டீச்சர்தான் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு நெஞ்சு நோவே போய்விட்டது, உங்கள் பிள்ளைக்கும் கொடுத்துப் பாருங்கள் என்று. அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். அந்த அம்மா அன்றைக்கே ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், என்று வேண்டிக்கொண்டு தொடங்கிவிட்டார்.

இடைவேளையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ உங்க அம்மாட்ட சொல்ல வேண்டியதுதான, நான் பொய் சொன்னேன்னு."

அவள் காலில் இருந்த மண்ணைச் சுரண்டினாள். "சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அம்மா எம்புட்டுச் சந்தோசமா கரைச்சுக்கிட்டு இருந்தா தெரியுமா? குடிச்சிட்டேன்." இன்னும் கொஞ்சம் சுரண்டிவிட்டு, "உப்பு போட்டா நல்லாத்தான் இருக்கும்," என்றாள். நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கதைப்புத்தகத்தை நீட்டினேன். "வேண்டாம் போ" என்றாள்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நாடாவாகும் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சொன்னால் அது போய்விடும். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இங்கே எதையும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. இரண்டு வாரம் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டே, வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பின்னலை மடித்துக் கட்டி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரோரம் நின்றேன். வரிசைகள் தயார். தறிச் சத்தம் கணீரென்று வந்துகொண்டிருந்தது. அப்போது வாசலில் பக்கத்துக்காரியின் அம்மா வந்து நின்றார். தலையில் பஞ்சுத் தூசி. கையில் வெற்றிலையில் மடித்த ஒரு பொட்டலம்.

"டீச்சரம்மா, ஒரு நிமிசம். அந்தப் பிள்ளை எது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அவர் நேராக வந்து என் வலது கையைப் பிடித்தார். தார் சுற்றிச் சுற்றி நூல் அறுத்த விரல்கள், சொரசொரவென்று இருந்தன.

"உனக்குப் பலிச்சிருக்கு தாயி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உன் கையால ஒரு தடவை இவ கால்ல பூசி விடு."

பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். பெஞ்சில் இருந்தவள் காலை நீட்டினாள். என்னைப் பார்த்தாள். சொல்லு என்றும் பார்க்கவில்லை, சொல்லாதே என்றும் பார்க்கவில்லை. அந்தக் கால் என் மணிக்கட்டு அளவுதான் இருந்தது.

என்னால் முடியவில்லை.

"எனக்கு நெஞ்சு வலியே இல்ல," என்றேன். "ஒருநாளும் இருந்ததில்ல. குனிய முடியலன்னு பொய் சொன்னேன். ஆடிச்சுத்துல அம்பத்தொரு சுத்து சுத்துனேன். அவளுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். டீச்சர் கரும்பலகைக்குப் போய் என் பெயரைக் கையாலேயே அழித்தார். "இந்த வருசம் பூரா நீ பெஞ்சுதான். ஆசப்பட்டுதான வாங்குன, உக்காரு," என்றார். என்னைவிடத் தன் மேல்தான் அவருக்குக் கோபம் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் கையிலிருந்த மண்ணைச் சிந்தாமல் வழித்து வெற்றிலையில் மடித்தார்.

"பொய் சொன்னது நீதான தாயி, அம்மன் இல்லல்லா. ஆரம்பிச்ச மண்டலத்தப் பாதியில விடக்கூடாது. நான் பாத்துக்கிடுதேன்."

"அப்பம் இவளும் குடிக்கட்டும்," என்றாள் பக்கத்துக்காரி. இரண்டு வாரத்தில் அவள் என்னைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு. "மண்டலம் முடியத மட்டும் எனக்குச் சமமா ஒரு தம்ளர்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சும் ஏன் மக்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா எனக்கு யாரு டீச்சர் கதை வாசிப்பா?" என்றாள். பிறகு முழங்காலை ஊன்றி எழுந்து நின்றாள். "டீச்சர், அவ பேர அழிக்க வேண்டாம். என் பேரையும் சேத்து எழுதுங்க."

டீச்சர் அவள் காலைப் பார்த்தார். "நீ... எப்படி மக்கா ஓடுவ?"

"நாடா சும்மாவா ஓடுது? உள்ள தார் இருந்தாத்தான துணி வரும். நீங்க இத்தன நாளா வெறும் நாடாவ ஓட்டிக்கிட்டு இருக்கீக." என்னைக் காட்டினாள். "இவ தூக்குவா. தின்னுருக்கால்லா."

தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் துள்ளினார்கள். "ஆமா டீச்சர்! தார் இல்லாம ஓட்டிட்டோம் டீச்சர்!" உண்மையிலேயே ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டதுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் அவள் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "தூக்கட்டும் டீச்சரம்மா. விழுந்தா எந்திரிப்பா," என்றார்.

டீச்சர் சாக்பீஸை எடுத்து எங்கள் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்.

நான் குந்தினேன். அவள் என் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கனமே இல்லை. அவள் காலில் காய்ந்திருந்த மண் என் பாவாடை முழுவதும் உதிர்ந்தது. முதல் வரிசை எழுந்தது. கைகள் மேலே போயின. "ஓடுட்டி!" என்றாள். ஓடினேன். எதிர்ச்சுவரை நான் தொடவில்லை. அவள்தான் என் தோளுக்கு மேலே எட்டித் தொட்டாள். தொட்டதும் வகுப்பு ஏறி இறங்கியது. திரும்பி ஓடினேன். மறுபடி சுவர். மறுபடி திரும்பினேன். அவள் என் காதுக்குள் விடாமல் கூச்சல் போட்டாள். பிந்தியவர்களை எல்லாம் பெயர் சொல்லித் திட்டினாள். "ஏலே, அறுந்துட்டு, அங்கன பாரு, முடிச்சுப் போடுலே!" யார் அறுந்தது, யார் முடிச்சுப் போட்டது என்று எனக்குத் தெரியாது. வேர்வையில் கண் தெரியவில்லை. எதிர்க் கொட்டகை ஜன்னலில் அவள் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து நின்று பார்த்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

எத்தனை தடவை ஓடினேன் என்று அவளுக்குத்தான் கணக்குத் தெரியும். கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். மூச்சு இரைத்தது. அவள் இறங்கவில்லை. என் கழுத்தைக் கட்டியிருந்த கையை மெல்ல என் நெஞ்சுக்கு இறக்கி வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, நெசமாவே படபடங்குதுட்டி. டீச்சர்ட்ட சொல்லட்டுமா?"

"சொல்லிறாத," என்றேன். "இன்னொரு சுத்து போவோம்."